ரோஜாவா, தேவர் மகனா?

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் இருந்து இறங்கி ஆற்காடு ரோட்டில் நடந்தால் டீக்கடைக்குப் பஞ்சம் இல்லை. டீக்கடை இருந்தால் பேச்சு இருக்கும். பேச்சு இருந்தால் சண்டையும் இருக்கும். மற்ற இடங்களில் அரசியல் சண்டை நடக்கும். கோடம்பாக்கத்தில் பாட்டுச் சண்டை நடக்கும்!

போன வாரம் ஒரு நாள் காலையில் அப்படி ஒரு கடையில் டீ குடிக்க ஒதுங்கினோம். அங்கே இரண்டு பேர் மோதிக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர். வயது ஐம்பதைத் தாண்டி இருக்கும். மற்றவர் செல்போன் கடையில் வேலை பார்க்கும் வாலிபர்.

"தம்பி, 'தேவர் மகன்' பாட்டுக்கு மிஞ்சி ஒரு பாட்டு உண்டா?" என்றார் பெரியவர்.

"ஏன் இல்லை, அண்ணே? 'ரோஜா'வை மறந்துட்டீங்களா?" என்றார் வாலிபர்.

"அது மெஷின் பாட்டு. சுவிச்சைப் போட்டால் வரும்."

"உங்க ஆளு பாட்டைப் போட்டால் தூக்கம்தான் வரும்."

குரல் ஏறியது. இருவர் கையிலும் டீ ஆறிப்போய் ஏடு படிந்துவிட்டது. கடைக்காரர் குறுக்கே புகுந்தார். "ஏம்பா, அந்தப் படமெல்லாம் வந்து முப்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு. நீ அப்போ பொறந்தே இருக்க மாட்டியே!" என்றார் வாலிபரைப் பார்த்து. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சண்டை மட்டும் நிற்கவில்லை.

இது இந்த ஒரு கடையோடு முடிகிற சண்டை அல்ல. தமிழ் பேசும் வீடுகள் பலவற்றில் நடக்கிறது. அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. இளையராஜாவா, ஏ.ஆர்.ரகுமானா? இந்தக் கேள்வியால் பேச்சு வார்த்தை நின்றுபோன நண்பர்களை நமக்கே தெரியும். ஆகவே இந்த வழக்கை இன்று கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

ஒரே வருஷம், இரண்டு கேசட்

1992-ம் ஆண்டு. ஆகஸ்டு 15-ந் தேதி 'ரோஜா' படம் வந்தது. மணிரத்னம் டைரக்டு செய்த படம். தயாரித்தது கே.பாலசந்தரின் கவிதாலயா. பாடல்கள் வைரமுத்து. இசை அமைத்தவர் ஏ.ஆர்.ரகுமான் என்ற 25 வயது வாலிபர். அவருக்கு அதுதான் முதல் பட வாய்ப்பு. அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 25 ஆயிரம் ரூபாய் என்று சொல்வார்கள்.

அதே ஆண்டு தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. சிவாஜி கணேசனும் கமல்ஹாசனும் சேர்ந்து நடித்த படம். பாடல்கள் வாலி. இசை இளையராஜா. அப்போது அவர் சினிமாவுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகி இருந்தன. தேசிய விருதுகள் மூன்று அவர் கையில் இருந்தன. 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா' என்ற படங்களுக்காகக் கிடைத்தவை.

ஒரு பக்கம் மலை. மறு பக்கம் புதிதாக முளைத்த செடி.

இன்னொரு விஷயமும் இருந்தது. மணிரத்னம் தம் முதல் படத்தில் இருந்து 1991-ல் வந்த 'தளபதி' வரை எல்லாப் படங்களுக்கும் இளையராஜாவைத்தான் வைத்துக்கொண்டார். திடீரென்று ஒரு புதியவரிடம் போனார். ஏன் போனார் என்று அப்போதும் பலர் பலவிதமாகப் பேசினார்கள். இப்போதும் பேசுகிறார்கள். அந்த வம்பு நமக்கு வேண்டாம். பாட்டைப் பற்றிப் பேசுவோம்.

எட்டுக்கு எட்டு

இந்த இரண்டு கேசட்டுகளையும் பற்றி டீக்கடையில் மட்டும் வழக்கு நடக்கவில்லை. டெல்லியிலும் நடந்தது!

1992-ம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுக் குழு கூடியது. சிறந்த இசை அமைப்பாளர் யார் என்ற கேள்வி வந்தது. ஓட்டு எடுத்தார்கள். 'தேவர் மக'னுக்கு 8 ஓட்டு. 'ரோஜா'வுக்கும் 8 ஓட்டு. சரிசமம்!

குழுவின் தலைவர் பாலு மகேந்திரா. அவர் போடும் ஓட்டுதான் இனி முடிவு. அவர் யார்? இளையராஜாவின் நெருங்கிய நண்பர். இளையராஜாவின் 100-வது படமான 'மூடுபனி'யை டைரக்டு செய்தவர். அதற்குப் பிறகும் தம் படங்களுக்கு இளையராஜாவையே நம்பி இருந்தவர். அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் பதில் சொல்லிவிடும்.

ஆனால் அவர் 'ரோஜா'வுக்குப் போட்டார்!

இதைப் பாலு மகேந்திராவே பின்னாளில் சொல்லி இருக்கிறார். நண்பர் பக்கம் நிற்கவில்லை. அதற்காக நண்பரை விட்டுவிடவும் இல்லை. அதன் பிறகும் இளையராஜாவோடு சேர்ந்து படம் எடுத்தார். அவருடைய கடைசிப் படமான 'தலைமுறைக'ளுக்கும் (2013) இளையராஜாதான் இசை. ஒரு ஓட்டு வேறு, ஓர் உறவு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் 'தேவர் மகன்' பாட்டுகள் வெறுங்கையோடு திரும்பின என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தவறு. 'இஞ்சி இடுப்பழகி' பாட்டுக்காக எஸ்.ஜானகிக்குச் சிறந்த பாடகி விருது கிடைத்தது. 'ரோஜா' பாட்டுக்காக வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர் விருது கிடைத்தது. இரண்டு கேசட்டும் டெல்லியில் மாலை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பின. நம் ரசிகர்கள் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மெஷினா, மனிதனா?

ஆட்டோக்காரர் சொன்ன குற்றச்சாட்டுக்கு வருவோம். "ரகுமான் பாட்டு மெஷின் பாட்டு."

இந்தப் பேச்சு 1992-லேயே எழுந்தது. இதற்குக் காரணமும் இருந்தது. இருவரும் வேலை செய்யும் முறையே வேறு.

இளையராஜா காகிதத்தில் இசைக் குறிப்பு எழுதுவார். எந்த இடத்தில் யார் எதை வாசிக்க வேண்டும் என்பது எல்லாம் அதிலே இருக்கும். ஸ்டூடியோவில் வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரர், தபேலாக்காரர், கிட்டார்காரர் எல்லோரும் உட்காருவார்கள். எழுதியதைப் பார்த்து வாசிப்பார்கள். பழைய நாளில் பாடகரும் கூடவே பாடிவிட வேண்டும். ஒருவர் தப்பாக வாசித்தால் அத்தனை பேரும் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ரகுமான் முறை அப்படி அல்ல. 1989-ல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டார். ராத்திரியில்தான் வேலை. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்வார். பிறகு கணிப்பொறியின் துணையோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். பிடிக்காததை எடுத்துவிடுவார்.

ஒன்று கல்யாண வீட்டுச் சமையல். எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். மற்றது நகைக்குக் கல் பதிக்கும் வேலை. ஒவ்வொரு கல்லாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். இரண்டும் கை வேலைதான். எதுவும் சுவிச்சைப் போட்டால் வந்துவிடாது.

மெஷின் என்று ரகுமானை ஏசுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா மின்னிசைக் கருவிகளைத் துணிந்து கையாண்டார். அந்த நாளில் அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டு இருந்தவர்களில் ஒரு பையன் பெயர் திலீப். அந்தத் திலீப்தான் பிற்காலத்து ஏ.ஆர்.ரகுமான்!

திலீப்பின் தந்தை ஆர்.கே.சேகர். மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அவர் வைத்துவிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பையன் பள்ளிப் பருவத்திலேயே ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் வாசித்தான். கூடவே சென்னையில் வாலிபர்கள் சேர்ந்து நடத்திய 'ரூட்ஸ்' போன்ற மேற்கத்திய இசைக் குழுக்களிலும் சேர்ந்தான். டிரம்ஸ் சிவமணி அந்த நாளைய கூட்டாளி. 'ரோஜா'வில் கேட்ட புதுச் சத்தம் வானத்தில் இருந்து விழவில்லை. பாதி இளையராஜாவின் பள்ளிக்கூடம். பாதி அந்த வாலிபர் குழுக்கள்.

இந்தப் பக்கம் இருக்கும் ரசிகர்களும் அந்தப் பக்கம் இருக்கும் ரசிகர்களும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் சண்டை போடுகிறார்கள்.

அன்று மருமகள், இன்று மாமியார்

வாலிபருக்கும் ஒரு வார்த்தை. "உங்க ஆளு பாட்டைப் போட்டால் தூக்கம் வரும்" என்றாரே, அவர் பழைய கதையை அறியாதவர்.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது இளையராஜாதான் புதியவர். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் இருந்து வந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர். வயலில் கேட்ட பாட்டைச் சினிமாவுக்குள் கொண்டு வந்தார். அந்த நாளில் எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டிலே ஊறிப்போன பெரியவர்களில் பலர் முகத்தைச் சுளித்தார்கள். "இது என்னப்பா தெருக்கூத்துப் பாட்டு?" என்று கேட்டார்கள்.

அன்று அப்படிக் கேட்டவர்களோடு சண்டை போட்ட பிள்ளைகளே 1992-ல் பெரியவர்கள் ஆனார்கள். 'ரோஜா'வைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்கள். மாமியாரிடம் பட்ட பாட்டை மருமகள் மறந்துவிட்டாள்.

கதை அதோடும் நிற்கவில்லை. 'ரோஜா'வுக்காகச் சண்டை போட்ட பிள்ளைகளுக்கும் இப்போது தலை நரைக்கிறது. அனிருத் பாட்டு ஓடினால் "சத்தத்தைக் குறை" என்கிறார்கள்!

கடல் கடந்தும் இதே சண்டை

நம் ஊரில் மட்டுமா இந்தக் கூத்து? அமெரிக்காவில் 'ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்' என்று ஓர் இசைக் குழு இருக்கிறது. 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தொடங்கியது. பெயரே காரமான பெயர். பாட்டும் அப்படித்தான். பேஸ் கிட்டார் என்கிற தடித்த கம்பிக் கிட்டாரை உடம்பு ஆடும்படி தட்டி வாசிப்பார்கள். அந்த வகைக்கு 'ஃபங்க்' என்று பெயர்.

நம் ஊரில் 'ரோஜா' வந்த அதே 1992-ல் அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜான் புருசியான்டே விலகினார். பிறகு டேவ் நவாரோ என்ற வேறொருவர் வந்தார். அவரோடு சேர்ந்து 1995-ல் 'ஒன் ஹாட் மினிட்' என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். "புருசியான்டே இல்லாத ஆல்பம் ஓர் ஆல்பமா?" என்றது ஒரு கட்சி. "காதைத் திறந்து கேளுங்கள், இதில் வேறு ஒரு ருசி இருக்கிறது" என்றது மறு கட்சி. 1998-ல் பழைய கிட்டார்காரர் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் உலகம் எங்கும் விற்றது. ஆனாலும் அந்த 1995 ஆல்பத்தைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பலரும் பாட்டைக் கேட்கிறார்கள். பிடித்த பெயர் என்றால் முதல் வரியிலேயே தலை ஆடுகிறது. பிடிக்காத பெயர் என்றால் காது அடைத்துக்கொள்கிறது. டீக்கடையிலும் இதுதான் நடந்தது.

நாம் கேட்டோம். "ஐயா, 'ரோஜா' பாட்டு முழுவதையும் கேட்டிருக்கிறீர்களா?"

ஆட்டோக்காரர் யோசித்தார். "'சின்னச் சின்ன ஆசை' கேட்டிருக்கேன். அப்புறம் ஒண்ணு ரெண்டு" என்றார்.

"தம்பி, நீங்கள் 'தேவர் மகன்' கேட்டிருக்கிறீர்களா?"

"ரீல்ஸ்லே வர்றது கேட்டிருக்கேன், சார்."

வழக்குத் தொடுத்த இருவருமே சாட்சியை முழுசாக விசாரிக்கவில்லை!

நம்முடைய கட்சி

"நீங்கள் எந்தக் கட்சி?" என்று இருவரும் நம்மைத் திருப்பிக் கேட்டார்கள். தப்பிக்க முடியவில்லை.

நம் வீட்டில் இரண்டு கேசட்டும் ஒரே அட்டைப் பெட்டியில் கிடந்தன. அவை வந்தபோது நமக்கு நினைவு தெரியாத வயது. யார் பெரியவர், யார் புதியவர் என்று எதுவும் தெரியாமல்தான் இரண்டையும் கேட்டோம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். அது ஒரு பாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

'தேவர் மகன்' பாட்டுகள் கதைக்குள் வேர் விட்டவை. 'போற்றிப் பாடடி பெண்ணே' தொடங்கினால் ஒரு கிராமமே எழுந்து நிற்கிறது. 'இஞ்சி இடுப்பழகி'யைப் புதுப்பெண் வெட்கத்தோடு பாடத் தொடங்குகிறாள். அந்த வெட்கத்தை ஜானகி குரலிலே வைத்துவிட்டார். வாத்தியங்கள் அவளைப் பயமுறுத்தாமல் தள்ளியே நிற்கின்றன. 16 வருஷம் கடலில் வலை வீசியவருக்குத்தான் எந்த இடத்தில் வலையை இழுக்கக் கூடாது என்று தெரியும்.

'ரோஜா'வில் கதையைவிடச் சத்தமே முதலில் வந்து தொடுகிறது. மின்மினியின் குரல் புதிது. அதற்கு அடியில் ஓடும் தாளம் புதிது. மேற்கிந்தியத் தீவுகளின் ரெகே தாளத்தின் சாயல் என்று இசை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நமக்கு அது ஊஞ்சல் மாதிரி இருந்தது. 'தமிழா தமிழா'வில் ஹரிஹரன் முதல் தடவையாகத் தமிழில் பாடினார். ஒவ்வொரு வாத்தியமும் கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போலத் தனித்தனியாகக் கேட்கும். அதற்கு முன் தமிழ்ப் பாட்டு அப்படிக் கேட்டது இல்லை.

புதுமைக்கு 'ரோஜா'. நிறைவுக்கு 'தேவர் மகன்'. நம் கட்சி இதுதான். ஒரு குறையும் சொல்லிவிடுகிறோம். 'ரோஜா'வைத் தொடர்ந்து வந்த பலர் அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மெட்டை விட்டுவிட்டார்கள். அந்தப் பழியை ரகுமான் தலையில் போடுவது நியாயம் இல்லை.

விருதுப் பட்டியலைக் கொண்டு வந்து எங்கள் வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஒருவர் 'டைம்' பத்திரிகை 2005-ல் உலகின் சிறந்த 10 பட இசைத் தொகுப்புகளில் 'ரோஜா'வைச் சேர்த்ததைக் காட்டுவார். மற்றவர் பி.பி.சி. 2002-ல் நடத்திய ஓட்டெடுப்பில் 'தளபதி' பாட்டு நாலாவது இடம் பிடித்ததைக் காட்டுவார். ஒருவர் 2009-ல் வந்த இரண்டு ஆஸ்காரை நீட்டுவார். மற்றவர் 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய சிம்பொனியை நீட்டுவார். எல்லாம் பெருமைதான். ஆனால் எண்ணெயை முழக்கோலால் அளக்க முடியுமா? பாட்டை அளக்கக் காது ஒன்றுதான் கருவி.

பெயர் தெரியாதவர்கள்

இந்தச் சண்டையில் நமக்கு உள்ள பெரிய வருத்தம் வேறு. இரண்டு பெயரைச் சொல்லியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. வாசித்தவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

இளையராஜா குழுவில் வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். கிட்டார் சதானந்தம். கீபோர்டு விஜி மானுவேல். டிரம்ஸ் புருஷோத்தமன். புல்லாங்குழல் அருண்மொழி. பேஸ் கிட்டார் சசிதரன். எத்தனையோ பாட்டில் நம்மை அழவைத்தவர்களும் சிரிக்கவைத்தவர்களும் இவர்கள்தான். ரகுமானோடு நெடுங்காலம் ஒலிப்பதிவு செய்தவர் எச்.ஸ்ரீதர். 2008-ல் மறைந்துவிட்டார். 'ரகுமான் சத்தம்' என்று நாம் கொண்டாடுவதில் அவர் கைக்கும் பங்கு உண்டு.

பழைய இசைத்தட்டுகளிலும் கேசட்டுகளிலும் பெரும்பாலும் இவர்கள் பெயர் அச்சாகவில்லை. இந்த விஷயத்தில் ரகுமானைப் பாராட்ட வேண்டும். தம் கேசட், சி.டி. உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களைப் போடும் வழக்கத்தை அவர் பரவச் செய்தார்.

ஆனால் கேசட்டும் போய்விட்டது. சி.டி.யும் போய்விட்டது. உறையே இல்லை. பாட்டு இப்போது செல்போனில் வருகிறது. டீக்கடைக்காரர் தம் போனை எடுத்து ஒரு பழைய பாட்டைப் போட்டார். இடையில் புல்லாங்குழல் வந்தது. இருவரும் வாயை மூடிக் கேட்டார்கள். முதல் தடவையாகக் கடையில் அமைதி!

"இதை வாசிச்சது யாரு, தம்பி?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

வாலிபர் போனை வாங்கித் தேடினார். படத்தின் பெயர் இருந்தது. இசை அமைப்பாளர் பெயர் இருந்தது. பாடியவர் பெயர் இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை.

பாட்டு விற்கும் கம்பெனிகளுக்கு இது பெரிய வேலை இல்லை. செல்போனில் நாலு வரி கூடச் சேர்த்தால் போதும். அந்த நாளில் வாசித்தவர்களில் பலர் இன்னும் சென்னையில்தான் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இசைக் கலைஞர் சங்கமும் முன்வந்து உதவலாம். இந்தப் பக்கத்து ரசிகரும் அந்தப் பக்கத்து ரசிகரும் சேர்ந்து கேட்டால் கம்பெனிகள் காது கொடுக்காமல் போகாது.

இளையராஜா 2021-ல் தமது சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். அதுவும் கோடம்பாக்கத்தில்தான். பிரசாத் ஸ்டூடியோவில் பல ஆண்டு காலம் இருந்துவிட்டு இங்கே வந்தார். இப்போது இரண்டு பேருடைய கூடமும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

இதை ஆட்டோக்காரரிடம் சொன்னோம்.

"ரெண்டு வாசல்லேயும் நான் சவாரி இறக்கி இருக்கேன், சார்" என்றார் அவர். "பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போற வயலின்காரங்க ரெண்டு இடத்துக்கும் ஒரே ஆளுங்கதான்."